வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங்: அம்பத்தூர், ஆவடி வீடுகளுக்கு எந்த மைக் சரி? ப்ரீஆம்ப் தனியா வேணுமா?

பக்திப் பாடல், கானா, கவர் சாங், கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துப் பாட்டு... எதுவா இருந்தாலும் இப்போது வீட்டிலேயே பாடி, அன்றைக்கே யூடியூபில் போட்டுவிடலாம். ஆனால் பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து மைக் வாங்கிய பிறகும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் குரலைவிட ஃபேன் சத்தம்தான் தெளிவா கேட்குது, ஏன்?"

அடுத்து கடைக்காரரிடமோ யூடியூபிலோ கிடைக்கும் பதில்: "இன்னும் நல்ல மைக் வாங்குங்க, தனியா ஒரு ப்ரீஆம்ப் போடுங்க." இப்படித்தான் ஒரு மாதச் சம்பளம் கரைந்துபோகிறது.

உண்மையில் என்ன செய்யணும்? மைக், ப்ரீஆம்ப் இரண்டையும் எப்படித் தேர்வு செய்வது? சென்னையின் மேற்குப் புறநகர் வீடுகளை மனதில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது எது?

உங்கள் அறை. மைக் கம்பெனி பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள் 2000-ன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது சத்தத்துக்கான வரம்பு. வணிகப் பகுதிக்கு இது 65, 55. தொழிற்சாலைப் பகுதிக்கு 75, 70.

அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வீடுகளும் ஒட்டியே இருக்கின்றன. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி என்று வரிசையாக அரக்கோணம் ரயில் பாதையை ஒட்டி வீடுகள். புறநகர் ரயில் மட்டுமல்ல, எக்ஸ்பிரஸ், சரக்கு ரயில் எல்லாம் அதே வழிதான். பூந்தமல்லி பக்கம் போனால் டிரங்க் ரோடும் பெங்களூரு நெடுஞ்சாலையும். ஆகவே வரம்பு ஒன்றாக இருந்தாலும், உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சத்தம் வேறாக இருக்கும்.

ஜன்னலை மூடினால் வெளிச்சத்தம் ஓரளவு குறையும். அதற்குப் பிறகு அறைக்குள் இருக்கும் பெரிய எதிரி சீலிங் ஃபேன். முழு வேகத்தில் சுற்றும் பழைய ஃபேன், அறையின் சத்தத்தை 45, 50 டெசிபல் வரை கொண்டுபோய்விடும்.

இப்போது மைக் பக்கம் வாங்க. எந்த கண்டென்சர் மைக்கும் தானாகவே கொஞ்சம் இரைச்சலை உண்டாக்கும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற ஆரம்பநிலை மைக்கில் இது 20 டெசிபல். ரோட் என்டி1-ஏ மைக்கில் வெறும் 5 டெசிபல். விளம்பரத்தில் இந்த '5' பெரிதாகத் தெரியும். ஆனால் அறையே 45 டெசிபலில் இரைந்துகொண்டிருந்தால், மைக் 20-ஆ 5-ஆ என்பது காதுக்குத் தெரியவே தெரியாது. ஃபேனை நிறுத்துவது ஒரு ரூபாய் செலவில்லாமல் 10 டெசிபல் வரை மிச்சப்படுத்தும். 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ பாதியானது போலத் தோன்றும்.

இது 90 வருஷத்துப் பிரச்னை!

சத்தமான ஊரில் குரலைப் பதிவு செய்வது சென்னைக்குப் புதிதல்ல. 1934-ல் ஏ.நாராயணன் தொடங்கிய ஸ்ரீநிவாசா சினிடோன், சென்னையில் பேசும் படம் எடுப்பதற்காக வந்த முதல் ஸ்டூடியோ. அது இருந்தது இதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கீழ்ப்பாக்கம் பக்கம். அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் நாராயணனின் மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சொல்லப்படுபவர்.

அந்தக் காலத்தில் சூரிய வெளிச்சத்தில்தான் படப்பிடிப்பு. சத்தத்தைத் தடுக்கும் சுவர் கிடையாது. காக்கா கத்தினால் அதுவும் சேர்ந்து பதிவாகும். அதனால் காக்காய்களைத் துப்பாக்கியால் சுட்டு விரட்டவே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்பது தமிழ் சினிமா வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட தகவல்.

மைக்கை மாற்றி காக்காவை விரட்ட முடியாது என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. சத்தம் வரும் இடத்தைத்தான் கவனித்தார்கள். இன்றைக்கு நம் வீட்டில் காக்காவுக்குப் பதில் ஃபேன், ஃபிரிட்ஜ், ஹார்ன்.

டைனமிக்கா, கண்டென்சரா?

பாடுவதற்கு இந்த இரண்டு வகைதான் முக்கியம்.

டைனமிக் மைக்: உள்ளே ஒரு சவ்வும், அதோடு ஒட்டிய கம்பிச் சுருளும், காந்தமும் இருக்கும். குரல் பட்டதும் சுருள் அசைந்து மின்சாரம் உண்டாகும். தனி பவர் தேவையில்லை. கீழே விழுந்தாலும் சுலபத்தில் கெடாது. கச்சேரி மேடைகளில் நாம் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 இந்த வகை. 1966-ல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது.

கண்டென்சர் மைக்: மிக மெல்லிய சவ்வும், அதற்குப் பின்னால் ஒரு தகடும் இருக்கும். சவ்வு லேசானது என்பதால் மூச்சு, 'ஸ', 'ச' ஒலிகள், கமகத்தின் நுணுக்கம் வரை பிடிக்கும். இதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸில் '48' என்று போட்ட பட்டனை அழுத்தினால் கேபிள் வழியாகவே அது போய்விடும்.

மெல்லிய குரலில் கீர்த்தனை, தாலாட்டு, மெலடி பாடுபவருக்கு, அறையும் ஓரளவு அமைதி என்றால், கண்டென்சர் அழகாகக் கொடுக்கும். கானா, ராப், உச்சக் குரலில் பாடும் பாட்டு என்றால் டைனமிக் தாராளமாகப் போதும்.

டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை 'கட்' பண்ணுமா?

இது பலரும் நம்பும் ஒரு விஷயம். பாதிதான் உண்மை.

ஃபேன் சத்தம் எது, பாடகர் குரல் எது என்று எந்த மைக்குக்கும் தெரியாது. டைனமிக் மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடுவது வழக்கம். கண்டென்சரை ஒரு அடி தள்ளி வைப்பது வழக்கம். வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. உயர் ஸ்தாயி ஒலிகளை டைனமிக் கொஞ்சம் குறைவாகப் பிடிப்பதும் ஒரு காரணம்.

கணக்கு எளிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், மைக்கில் விழும் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அறையின் சத்தம் அப்படியேதான் இருக்கும். 60 சென்டிமீட்டரில் இருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம்.

ரொம்பவும் ஒட்டிவிட்டால் வேறு சிக்கல் வரும். பக்கத்தில் போகப் போக குரலில் அடித்தொனி வீங்கும். 'ப' வரும் இடங்களில் காற்று மோதி 'டப்' என்று கேட்கும். அதனால் கண்டென்சருக்கு ஒரு சாண் தூரம், நடுவில் ஒரு பாப் ஃபில்டர். டைனமிக் என்றால் நாலு விரல் தூரம், மைக்கைக் கொஞ்சம் சாய்வாக வைத்தால் போதும்.

மைக்கை எந்தப் பக்கம் திருப்புவது?

வீட்டுக்கு வாங்கும்போது 'கார்டியாய்டு' என்று எழுதிய மைக்கைக் கேளுங்கள். முன்பக்கம் நன்றாகவும், பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்கும் வகை இது. பக்கவாட்டில் 6 டெசிபல்தான் குறையும். பின்னால்தான் நிஜமான பலன்.

அப்படியென்றால், சத்தம் வரும் ஜன்னலையோ கதவையோ மைக்கின் முதுகு பார்க்க வேண்டும். அதாவது நீங்கள் ஜன்னலைப் பார்த்து நின்று பாட வேண்டும், நடுவில் மைக்.

அடுத்தது எதிரொலி. மைக்கின் முகம் பார்ப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். நம் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. குரல் பட்டுத் திரும்பி, பாத்ரூமில் பாடியது போல ஆகிவிடும். அதனால் உங்கள் பின்னால் கனமான போர்வை, ஜமுக்காளம், மெத்தை எதையாவது தொங்கவிடுங்கள் அல்லது சாய்த்து வையுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் நிற்பதும் நல்ல யோசனை. பஞ்சு முட்டைப் பெட்டி மாதிரி இருக்கும் மெல்லிய ஃபோம் ஷீட் ஓரளவு எதிரொலியைக் குறைக்கும், ஆனால் ரயில் சத்தத்தைத் தடுக்காது.

படுக்கையறையில் தரமான பதிவு வராது என்று யாராவது சொன்னால் ஒரு உதாரணம்: பில்லி ஐலிஷும் அண்ணன் ஃபினியாஸும் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் படுக்கையறையில் உருவாக்கிய ஆல்பம் 2019-ல் வெளியாகி, 2020-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது.

சரி, ப்ரீஆம்ப் என்றால் என்ன?

மைக்கில் இருந்து வரும் மின்சாரம் ரொம்பச் சின்னது. ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்எம்58 கொடுப்பது 1.85 மில்லிவோல்ட். ஏடி2020 கொடுப்பது ஏறத்தாழ 14 மில்லிவோல்ட். இதை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பிரயோஜனமில்லை. பல நூறு மடங்கு பெருக்கிக் கொடுக்கும் சர்க்யூட்டுக்குப் பெயர்தான் ப்ரீஆம்ப். எவ்வளவு பெருக்குகிறது என்பதே 'கெயின்'.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று நாம் வாங்கும் சின்னப் பெட்டிக்குள் ப்ரீஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது. 'கெயின்' என்று எழுதிய திருகு அதற்கானதுதான். பலர் இது தெரியாமல் தனியாக இன்னொன்று வாங்குகிறார்கள்.

விலை அதிகமான ப்ரீஆம்ப் போட்டால் இரைச்சல் குறையுமா?

இங்கேதான் ஒரு சுவாரசியமான கணக்கு.

எந்த மின்சுற்றிலும் வெப்பத்தால் ஒரு குறைந்தபட்ச இரைச்சல் இருந்தே தீரும். சாதாரண மைக்கின் அளவுக்கு அந்த இயற்கை எல்லை ஏறத்தாழ மைனஸ் 131 டெசிபல். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஆரம்பநிலை இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப் தரும் இரைச்சல் மைனஸ் 128-ஐ ஒட்டி. உலகிலேயே விலை உயர்ந்த ப்ரீஆம்ப் வாங்கினாலும் இயற்பியல் விட்டு வைத்திருக்கும் மிச்சம் 3 டெசிபல்தான்.

இதையே அறைச் சத்தத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. எஸ்எம்58-ஐ அப்படி ஒரு இன்டர்ஃபேஸில் செருகினால், மின்னணு இரைச்சல் மொத்தமும் ஏறத்தாழ 18 டெசிபல் ஒலிக்குச் சமம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடிய அறைகூட 30, 35 டெசிபலுக்குக் கீழே இறங்குவது கஷ்டம். அப்போது கேட்பது அறையா, ப்ரீஆம்பா? அறைதான்.

பெரிய ஸ்டூடியோக்கள் ஏன் லட்சங்களில் ப்ரீஆம்ப் வைத்திருக்கின்றன? பெரும்பாலும் குரலுக்கு அது தரும் தனி நிறத்துக்காக. அவர்களுக்கு அறைப் பிரச்னை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

அப்போ தனி ப்ரீஆம்ப் எப்போது வேண்டும்?

ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. பாட்காஸ்ட் வீடியோக்களில் அடிக்கடி தெரியும் ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக் மிகக் குறைந்த சிக்னல் கொடுக்கும். எஸ்எம்58-ஐவிடவும் குறைவு, 1.12 மில்லிவோல்ட். மெதுவாகப் பேசவோ பாடவோ இதற்கு 60 டெசிபல் கெயின் தேவைப்படும். ஸ்கார்லெட் சோலோவின் மூன்றாம் தலைமுறை மாடலில் அதிகபட்சம் 56 டெசிபல்தான். திருகைக் கடைசி வரை திருப்பினாலும் பத்தாது.

அப்போதுகூட பெரிய ப்ரீஆம்ப் வேண்டாம். 'கிளவுட்லிஃப்டர்' போன்ற சின்ன பூஸ்டர், ஃபேன்டம் பவரிலேயே ஓடி 25 டெசிபல் வரை கூட்டித் தரும். அல்லது கெயின் அதிகமுள்ள இன்டர்ஃபேஸையே முதலில் வாங்கலாம். ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறையில் 69 டெசிபல் உண்டு.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இதில் அதிகபட்ச மைக் கெயின் எவ்வளவு?" 60-க்கு மேல் என்றால் எந்த மைக்குக்கும் கவலையில்லை. கண்டென்சருக்கோ, உரக்கப் பாடுபவருக்கோ 50 இருந்தாலே தாராளம்.

யூஎஸ்பி மைக் வாங்கலாமா?

மைக், ப்ரீஆம்ப், இன்டர்ஃபேஸ் மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் யூஎஸ்பி மைக். ஒருவர் மட்டும் பாடுவதற்கு, ஒரே கேபிளில் வேலை முடிய, இது வசதி. பின்னால் தரம் உயர்த்த நினைத்தால் மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். ஷூர் எம்வி7 போன்ற சிலவற்றில் யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் இரண்டும் உண்டு.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் 'பிஎம்-800' என்ற பெயரில் வரும் கண்டென்சர் செட்டில் கவனம். அதை போனின் ஹெட்போன் துளையில் நேரடியாகச் செருகினால் போதுமான பவர் கிடைக்காது, இரைச்சல்தான் வரும்.

'ம்ம்ம்...' என்று ஒரு சத்தம் வருதே?

ஃபேன் நின்ற பிறகும் தொடர்ந்து ஒரு ரீங்காரம் கேட்டால், அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம். உடனே மைக்கைக் குறை சொல்லாதீர்கள். இதை வரிசையாகச் செய்து பாருங்கள்:

• லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் காரணம் சார்ஜர் அல்லது எர்த்திங்.

• லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள்.

• ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் லைட்டை முழுமையாக அணையுங்கள். மைக் கேபிளை மின் ஒயருக்குப் பக்கத்தில் போட வேண்டாம்.

• கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்ய வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டரில் இந்த ரீங்காரம் அதிகம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ஹம் போகிறது என்பதற்காக பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ, கழற்றுவதோ உயிருக்கு ஆபத்து. மைக் உலோகம், அது உங்கள் உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எர்த்திங் சரியில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சென்னை ஈரப்பதத்தில் கவனம்

கண்டென்சர் மைக்கின் சவ்வில் ஈரம் சேர்ந்தால் 'சடசட' சத்தம் வரும், சிக்னல் குறையும். மழைக்காலத்தில் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். டைனமிக் மைக்குக்கு இந்தத் தொல்லை குறைவு.

வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

எஸ்எம்58-க்கு உலகம் முழுக்கப் போலிகள் அதிகம். பாதி விலையில் 'ஒரிஜினல்' என்றால் யோசியுங்கள். அசல் மைக்கின் எடை 298 கிராம், சமையலறைத் தராசிலேயே பார்க்கலாம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், ஜிஎஸ்டி பில், வாரன்டியோடு வாங்குவது நல்லது. முடிந்தால் அண்ணா சாலை பக்கம் இருக்கும் இசைக்கருவிக் கடைகளுக்கு நேரில் போய், இரண்டு மைக்கில் ஒரே பாட்டைப் பாடிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கேபிள், கனெக்டருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கிறது.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

முதல் கட்டம், ஏறக்குறைய செலவே இல்லை: கையில் இருக்கும் போன், ஒரு ஸ்டாண்ட், போர்வைகள். பாட ஆரம்பிப்பவருக்கு இது போதும்.

இரண்டாம் கட்டம், ஏறத்தாழ 25 ஆயிரம் ரூபாய்: எஸ்எம்58 அல்லது ஏடி2020 வகையில் ஒரு மைக், ஒரு சானல் இன்டர்ஃபேஸ், எக்ஸ்எல்ஆர் கேபிள், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், காதை மூடும் ஹெட்போன். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. விலை கடைக்குக் கடை மாறும்.

மூன்றாம் கட்டம், அதற்கு மேல்: அறை அமைதியாகி, எதிரொலி அடங்கி, அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் மட்டும்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் என்றால், எதையும் வாங்காமல் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டூடியோவுக்குப் போவதே லாபம்.

பாடும் முன் ஒரு நிமிஷச் சோதனை

வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யலாம். பாட நினைக்கும் அறையில் போனை வைத்து, பேசாமல் ஒரு நிமிஷம் ரெக்கார்ட் செய்யுங்கள். காலை 5 மணி, மதியம் 2 மணி, இரவு 11 மணி என்று மூன்று நேரத்தில். பிறகு ஹெட்போனில் கேளுங்கள். ரயிலா, லாரியா, மேல்வீட்டு மோட்டாரா, நம் வீட்டு ஃபிரிட்ஜா என்று தெரிந்துவிடும். எந்த நேரம் பாடுவது, எந்த அறை, மைக்கின் முதுகு எந்தப் பக்கம் என்பதும் அதிலேயே முடிவாகிவிடும்.

பதிவின்போது ஏசியில் அறையைக் குளிரவைத்துவிட்டு அணையுங்கள். ஃபேன் மட்டும் என்றால் நாலு நிமிஷம் பாடி, நாலு நிமிஷம் காற்று வாங்குங்கள். பின்னணி இசையை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். பாட்டின் உச்ச இடத்தில் மீட்டர் மைனஸ் 10-ஐ ஒட்டி நிற்கும்படி கெயின் வையுங்கள், சிவப்பைத் தொட வேண்டாம். ஆப்பில் 'லோ கட்' இருந்தால் 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். லாரி, ரயிலின் அதிர்வு பெரும்பாலும் அதற்குக் கீழேதான், குரலுக்குப் பாதிப்பு இருக்காது.

சுருக்கமா சொன்னா: முதல்ல அறை, அடுத்து மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம், அப்புறம் மைக் வகை. ப்ரீஆம்ப் கடைசி. இந்த வரிசையில் போனால் 25 ஆயிரத்தில் முடியும் வேலை, தலைகீழாகப் போனால் ஒரு லட்சத்திலும் முடியாது.